ஒரே மேளம், இரண்டு பள்ளிக்கூடம்

"மலையக மண்ணின் மைந்தர்களே, தாய்மார்களே, வர்த்தகப் பெருமக்களே! நமது பிரதேசத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கப்படவிருக்கும் பாடசாலை பாண்ட் வாத்தியப் போட்டியானது, பிரதம அதிதி அவர்களின் பெறுமதிமிக்க நேரத்தைக் கருத்திற்கொண்டு, வெள்ளி, சனி ஆகிய இரு தினங்களுக்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை ஒரே தினத்தில் நடந்தேறும் என்பதைப் பேருவகையுடனும் பணிவுடனும் அறியத் தருகின்றோம்!"

வியாழக்கிழமை பின்னேரம் லிந்துலைக் கடைத்தெருவில் ஒரு ஆட்டோ இப்படி முழங்கிக்கொண்டே போனது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த சேதியைக்கூட இதைவிடக் கொஞ்சம் அடக்கமாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

கேட்ட எல்லோரும் பேருவகை அடைந்தார்களோ இல்லையோ, ஒருவர் மட்டும் நிச்சயமாக அடையவில்லை. கமறியா மியூசிக் சென்டர் வாசலில் நின்ற ஜமால்தீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிலும் கொடுமை, ஆட்டோவில் கட்டியிருந்த ஸ்பீக்கர் அவர் கடையில் வாடகைக்கு எடுத்தது.

இந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்குக் காரணம் பாதி தெரியும். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடலாம்.

கடைக்கு மனைவியின் பெயர். கமறியாவுக்கு அந்தக் கடையில் பிடித்த ஒரே சாமானும் அந்தப் பெயர்ப்பலகைதான். மகள் அம்னா கொழும்பில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து, பள்ளிக்கூடங்களின் மெலோடிகாக்களைக் கழற்றி, எச்சில் பிடித்த உலோக நாக்குகளைச் சுத்தம் செய்து, திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். மகன் நிப்ராஸுக்கு அதே இடத்தில் கைத்தொலைபேசிக் கடை போட ஆசை. ஆசையோடு நிற்கவில்லை, 'நிப்ராஸ் மொபைல்ஸ்' என்று பலகையே எழுதி வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறான்.

போன வாரம் ஜமால்தீன் தீர்ப்புச் சொன்னார். இந்த விளையாட்டுப் போட்டிக் காலம் முடியும்வரை பள்ளிக்கூடங்கள் கையைவிட்டுப் போகாமல் இருந்தால் கடை அம்னாவுக்கு. போய்விட்டால் கட்டிலுக்கடியில் இருப்பது கடை வாசலுக்கு வரும்.

பள்ளிக்கூடங்கள் என்றால் இரண்டு. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒத்தமரத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். லிந்துலைக்குக் கீழே பாலத்தடிப் பள்ளிக்கூடம். அழகியல் கல்வியின் மகத்துவம் பற்றி மேலிடத்திலிருந்து இரண்டுக்கும் சுற்றறிக்கைகள் தவறாமல் வரும். வாத்தியங்கள் வருவதில்லை. அவை ஜமால்தீனிடமிருந்து வந்தன.

இங்கேதான் போன வாரம் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன்பு, கொழும்பில் ஒரு பெரிய கல்லூரி கழித்துக் கட்டிய பாண்ட் சாமான்களை ஜமால்தீன் லொறியில் ஏற்றி வந்தார். அந்த வாரமே இரண்டு பள்ளிக்கூடங்களும் வந்து கேட்டன. இல்லையென்று சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது. முதலில் வந்தவர்களிடம், இது இனி உங்களுடையது, ஆனால் பள்ளிக்கூட ஈரத்தில் வைக்காதீர்கள், கடையிலேயே இருக்கட்டும், வேண்டிய நாளில் அனுப்பி வைக்கிறேன் என்றார். இரண்டாவதாக வந்தவர்களிடமும் அதையே சொன்னார்.

பெரிய மேளத்தின் ஒரு முகத்தில் ஒத்தமரத்தின் பெயரையும் மறுமுகத்தில் பாலத்தடியின் பெயரையும் தானே எழுதினார். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறதோ அந்தப் பெயர் வெளியே தெரியும். மற்ற முகத்துக்குக் கமறியா தைத்துக் கொடுத்த சிவப்பு வெல்வெட் உறை. பனிக்குத் தோல் தளர்ந்துவிடும், உறையைக் கழற்றவே கூடாது என்று ஜமால்தீன் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொல்வார். ஒத்தமரத்து சுதாகரன் சார் இதைப் பெற்றோர் கூட்டத்தில் விஞ்ஞான உண்மையாகவே விளக்கியிருக்கிறார்.

ஏன் இந்தக் கள்ளம் என்று அம்னா கேட்டபோது ஜமால்தீன் சொன்ன பதில் ஒன்றுதான். இரவல் மேளம் என்று தெரிந்தால் பிள்ளைகள் பயந்து பயந்து அடிக்கும். சொந்த மேளம் என்றால்தான் கை ஓங்கும்.

இரண்டு பள்ளிக்கூடங்களின் விளையாட்டுப் போட்டியும் ஒரே நாளில் வராமல் பார்த்துக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. இந்தப் போட்டியிலும் ஒத்தமரத்துக்கு வெள்ளி, பாலத்தடிக்குச் சனி என்று நிம்மதியாக இருந்தார். பிரதம அதிதியின் பெறுமதிமிக்க நேரம் குறுக்கே வந்து படுத்தது.

வெள்ளிக்கிழமை காலை தலவாக்கலை மைதானத்துக்குப் பின்னால், கழிப்பறைச் சுவரோரமாக, நிப்ராஸ் தன் சின்னப் பட்டா லொறியை நிறுத்தினான். திட்டம் அம்னாவுடையது. ஒத்தமரம் முதலில் வாசிக்கும், பாலத்தடி கடைசியில். வாசித்து முடித்ததும் வார் இறுக்க வேண்டும் என்று சாமான்களை வாங்கி, உறையை மறுபக்கம் மாற்றிவிட்டால் போதும்.

"கேட்டா நல்லாத்தான் ஈக்கு," என்றான் நிப்ராஸ். "வங்கியில இதத்தானா படிச்சுக் குடுத்தாங்க?"

"நீ லொறியப் பாத்துக்கோ நானா. பலகையப் பத்திப் பொறகு யோசிக்கலாம்," என்றாள் அம்னா அண்ணனிடம்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய பிரதம அதிதி பத்துக்கும் வரவில்லை, பதினொன்றுக்கும் வரவில்லை. அவர் வந்து குத்துவிளக்கு ஏற்றாமல் ஒரு குழலும் ஊதக்கூடாது. பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தோடு ஈரப்புல்லில் நின்றார்கள். மைக் பிடித்தவர் வந்துகொண்டிருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று ஓயாமல் சொன்னார். ஜும்மாத் தொழுகைக்கு நேரமானதும் ஜமால்தீன் தொப்பியை எடுத்து மாட்டினார். போட்டி தொழுகைக்குப் பிறகுதான் தொடங்கும், அதற்குள் திரும்பிவிடுவேன், யார் என்ன கேட்டாலும் வாப்பா வரட்டும் என்று மட்டும் சொல் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்து கொஞ்ச நேரத்தில் மைக் அலறியது. பிரதம அதிதி பாலத்தைத் தாண்டிவிட்டார். வந்திருக்கும் அத்தனை பாண்ட் குழுக்களும் உடனே வாத்தியங்களோடு வாசலில் அணிவகுத்து, அவரை மேடைவரை வாசித்துக்கொண்டே அழைத்து வரவேண்டும்.

அத்தனை குழுக்களும். ஒரே நேரத்தில்.

ஒரு பெரிய மனிதர் பத்து அடி நடந்தால் முன்னால் மேளம் போகவேண்டும் என்பது நம் ஊரின் இயற்கை விதி. அம்னாவின் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் இடமிருந்தது, அதற்கு மட்டும் இல்லை.

ஒரு பக்கமிருந்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி சுதாகரன் சாரும், மறுபக்கமிருந்து குடையோடு லோஜினி டீச்சரும் தங்கள் படைகளோடு லொறிக்கு வந்து சேர்ந்தார்கள். சுதாகரன் சார் மேளத்தில் கை வைத்தார். லோஜினி டீச்சரும் வைத்தார்.

"டீச்சர், இது எங்க மேளம்," என்றார் சார்.

"என்ன சார் பேசுறீங்க? எங்க மேளம்." டீச்சர் குனிந்து பார்த்தார். உறை போடாத முகத்தில் ஒத்தமரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் அம்னா பக்கம் திரும்பினார். "யாரும்மா எங்க மேளத்துல இவங்க பேர எழுதினது?"

பாலத்தடியின் மேளம் கடையில் இருக்கிறது, போய் எடுத்து வருகிறோம் என்று சொல்லிவிடும்படி நிப்ராஸ் காதோரம் கிசுகிசுத்தான். அவன் பலகையை வைத்துக்கொண்டிருப்பவன். இருந்தும் தங்கைக்குத் தப்பிக்க ஒரு வழி சொன்னான் என்பதை இங்கே பதிந்து வைக்கவேண்டும்.

அம்னா சிவப்பு உறையின் முடிச்சை அவிழ்த்தாள். உறை கழன்று விழுந்தது. பாலத்தடி என்ற பெயரும் அதே கையெழுத்தில், அதே அளவில் இருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே மேளம்தான்," என்றாள். "தாளத்தட்டு, மெலோடிகா எல்லாமே அப்பிடித்தான். வாப்பாவுக்கு யாருக்கும் இல்லண்டு சொல்லத் தெரியாது. அதான் ரெண்டு பேருக்கும் உங்கடதுண்டு சொல்லிட்டார்."

சொல்லும்போதே கடை கைவிட்டுப் போவது அவளுக்குத் தெரிந்தது.

சுதாகரன் சார் இதை இலேசில் விடமாட்டேன் என்றார். மோசடி, நம்பிக்கைத் துரோகம், கல்விச் சமூகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று மூன்று வசனம் வரிசையாக வந்தன. விஞ்ஞான உண்மை பற்றி அவர் வாய் திறக்கவில்லை. லோஜினி டீச்சருக்குக் கோபத்தைவிட மனத்தாங்கல் அதிகம். சரஸ்வதி பூசைக்கு மேளம் சர்வீஸில் இருக்கிறது என்று சொல்லி மறுநாள்தான் அனுப்பினார்கள், வரும்போதே சந்தன வாசம் அடித்தது, முதலாளி எவ்வளவு பக்தியாகப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தோமே என்றார். முதல்நாள் ஒத்தமரத்தில் அதற்குச் சந்தனம் பூசியது தன் கையால்தான் என்று சுதாகரன் சார் சொன்னபோது டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு பள்ளிக்கூடமும் இனி ஜமால்தீன் கடைப் படி ஏறாது என்பதில் மட்டும் இருவரும் உடனடியாக ஒன்றுபட்டார்கள்.

பெரியவர்கள் இப்படி வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தபோது, ஒத்தமரத்தில் மேளம் அடிக்கும் பிரியந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கட்டையான பிள்ளை. எதிரே பாலத்தடியின் மேளக்காரன் தனுஷன், அவளைவிட ஒரு முழம் உயரம். பிரியந்தி அவனை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள்.

"இந்த மேளத்து வாரைக் கடைசி ஓட்டையில மாட்டி வைக்கிறது நீதானா?"

"நீயா முதல் ஓட்டை?" என்றான் தனுஷன். "நான் ஏதோ அஞ்சாம் வகுப்புப் பையன்னு நெனச்சேன்."

"ஒவ்வொரு தடவையும் எனக்கு அது முழங்கால்ல வந்து இடிக்குது. திருப்பி மாட்டித் தந்தா கை தேஞ்சா போயிரும்?"

பின்னால் மெலோடிகாப் பிள்ளைகளும் ஆள் தேட ஆரம்பித்தார்கள். ஊதுகுழாயைக் கடித்துக் கடித்துச் சப்பையாக்கியது யார், கறுப்புக் கட்டையில் நட்சத்திரம் ஒட்டியது யார், தாளத்தட்டுக் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டது யார். நேரில் பார்த்தே இராதவர்கள் ஊருக்குப் போய் வந்த சொந்தக்காரர்களைப் போல ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்னா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியும்க்கா," என்றாள் பிரியந்தி, வாரை அளந்துகொண்டே. "சொன்னா சார் சண்டைக்குப் போவாரு. அப்புறம் மேளம் யாருக்கும் இல்லாமப் போயிரும். அதான் சும்மா இருந்தோம்."

பாலத்தடிப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அவர்களும் அப்படித்தான் சும்மா இருந்திருக்கிறார்கள். இரண்டு தோட்டத்துப் பிள்ளைகள், ஒருவரை ஒருவர் கண்ணால் காணாமல், ஒரே பொய்யை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நின்றிருக்கிறார்கள். இரவல் என்று தெரிந்தேதான் இத்தனை காலமும் கை ஓங்கியிருக்கிறது. வாப்பாவின் பொய்யை அம்னா கள்ளம் என்று நினைத்திருந்தாள். வாப்பா அதை அன்பு என்று நினைத்திருந்தார். அதைக் காப்பாற்றி வைத்தது இந்த வெள்ளைச் சப்பாத்துகள்.

மைக் மறுபடி அலறியது. வாகனம் வாசலுக்கு வந்துவிட்டது.

சாரும் டீச்சரும் அடுத்த வசனத்தைத் தேடி முடிப்பதற்குள் பிள்ளைகள் சாமான்களைப் பங்கு போட்டுவிட்டார்கள். மெலோடிகா பாதிக்குப் பாதி. கிடைக்காதவர்கள் கைதட்டுவது. வாத்தியங்களைத் தரும்போது ஜமால்தீன் ஒரு மெட்டும் சொல்லித்தருவார். அவருக்குத் தெரிந்ததே அந்த ஒரு மெட்டுத்தான். ஆகவே எதை வாசிப்பது என்ற பிரச்சினை எழவில்லை. மேளத்தைத் தனுஷன் நெஞ்சில் மாட்டினான். ஒரு கோலைத் தான் எடுத்துக்கொண்டு மறுகோலைப் பிரியந்தியிடம் நீட்டினான். அவள் மேளத்தின் அடுத்த பக்கம் போய் நின்றாள். யார் பெயர் யார் பக்கம் என்று பார்க்க நேரமில்லை.

முன்னால் பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்று பளபளக்கும் வாத்தியங்களோடும் தங்கக் குஞ்சம் வைத்த தோளோடும் புறப்பட்டது. இவர்கள் கடைசியில் சேர்ந்துகொண்டார்கள்.

பிரியந்தியின் கோல் இறங்கியது. தனுஷனின் கோல் அதற்குப் பதில் சொன்னது.

அம்னா அந்த மேளத்தை நூறு தடவை கேட்டிருக்கிறாள். தொப், தொப் என்று போர்வைக்குள் இருமும் சத்தம். அதுதான் அதன் குரல் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெயர் எழுதிய நாளிலிருந்து அதன் ஒரு கன்னத்தை வெல்வெட் வைத்துப் பொத்தியிருந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. இன்றைக்கு இரண்டு முகமும் திறந்திருந்தன.

சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்தது. ஈரப்புல் அதிர்ந்தது. பிறகு நெஞ்சுக்குள் ஏதோ கதவு திறந்த மாதிரி. மைதானத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்மலையில் போய் மோதித் திரும்பி வந்தது. திரும்பி வரும் அடிக்காக இரண்டு பிள்ளைகளும் காத்திருந்து அடுத்ததை அடித்தார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. மலையே தங்கள் குழுவில் ஒரு ஆள் என்பது போல அடித்தார்கள். எதிர்ச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். கூடையின் பாரம் முதுகில் இருக்க, கை இலைமேல் இருக்க, அப்படியே நின்றார்கள்.

தங்கக் குஞ்சக்காரர்களின் தாளம் தடுமாறியது. சமாளித்துப் பார்த்தார்கள். பிறகு வாத்தியங்களை இறக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மைக் பிடித்தவர் வாயைத் திறந்தபடி மைக்கை இடுப்புக்கு இறக்கினார். அன்றைக்கு அவர் செய்த மிகச் சிறந்த அறிவிப்பு அதுதான்.

அந்தப் பழைய மெட்டு, கல்யாண வீட்டு வாசலில் ஸ்பீக்கர் சோதிக்கப் போடுவது மாதிரியான ஒரு சாதாரண மெட்டு, பாதி மெலோடிகாவில், கடித்த குழாய்களில், மேலே போய்க்கொண்டே இருந்தது. பனி இறங்கி வந்து அதைத் தொட்டுவிட்டு விலகியது. அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். நம்ப விருப்பமில்லாதவர்கள் காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

தொழுகை முடிந்து வளைவில் இறங்கி வந்துகொண்டிருந்த ஜமால்தீன் நின்றுவிட்டார். பக்கத்தில் வந்தவரிடம், எந்தப் பள்ளிக்கூடமோ புது மேளம் வாங்கியிருக்கிறது, பெரிய இடத்துச் சாமான், இப்படி ஒன்றை நான் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. இன்னும் நாலடி நடந்து மைதானம் கண்ணில் பட்டபோதுதான் மேளத்தின் முகத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். அதற்கு மேல் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

குழு மேடையை அடைந்தது. பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்த வெள்ளை வேன் நின்றது. கல்வி அதிகாரி மாலையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே பகல் சாப்பாட்டுப் பார்சல்கள் இருந்தன.

பிரதம அதிதி முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அவர் மேளம் இல்லாமலே நடந்து போய் விளக்கேற்றினார். ஒன்றும் ஆகவில்லை. திரியும் வழக்கம் போலவே எரிந்தது.

லொறியடியில் ஜமால்தீன் மகளின் முன் நின்றார். பிள்ளைகளுக்குத் தெரியும் என்று அம்னா சொன்னதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிருக்கு என்றார். நிப்ராஸ் தலையைக் குனிந்து கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுதாகரன் சாரும் லோஜினி டீச்சரும் சேர்ந்தே வந்தார்கள். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் அதை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. சார் தொண்டையைச் செருமினார்.

"மொதலாளி, நடந்தது நடந்துபோச்சு. உறைய இனிப் போட வேணாம். போட்டி முடியட்டும், ரெண்டு பள்ளிக்கூடமும் முந்தி மாதிரியே உங்ககிட்ட இருக்கும்."

டீச்சரும் ஆமென்று தலையசைத்தார். ஜமால்தீன் அம்னாவைப் பார்த்தார். கடைச்சாவி அவருடைய சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது.

அப்போது மைக்கில் போட்டியின் முதல் குழு அழைக்கப்பட்டது. ஒத்தமரம். பிரியந்தி ஓடிவந்து கை நீட்டினாள். அம்னா மேளத்தை லொறியிலிருந்து தூக்கித் திருப்பினாள்.

ஒத்தமரத்தின் பெயர் எழுதிய தோல் நடுவே கிழிந்திருந்தது. அந்தப் பக்கம் அடித்தது தனுஷன்.